கழற்றும்போது முதலில், பூட்டும்போது கடைசியில்



சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நம் தெருவில் நிகழ்ந்தது இது. கோவிலில் இரண்டாம் மணி அடித்துவிட்டது. அண்டை வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர், தம் துணைவியாரையும் பேத்தியையும் காரில் அமரச்செய்து சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்று ஓர் ஒலி, பின்னர் ஒன்றுமில்லை. மீண்டும் திருப்பினார், மீண்டும் அதே ஒலி. மும்முறை முயன்ற பின், வாசலில் நின்ற நம்மை நோக்கி, “தம்பி, இந்த வண்டி இன்று காலை வாரிவிட்டதே!” என்றார்.

அன்று அவர்கள் மூவரும் நம் காரிலேயே திருப்பலிக்கு வந்தனர். திரும்பும் வழியில் ஆசிரியர் கூறினார்: “மெக்கானிக்கைத் தொலைபேசியில் கேட்டேன். வருவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும் என்கிறார். பாட்டரியை வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் அமிலம், மின்சாரம் என்றாலே எனக்கு அச்சமாக இருக்கிறது, தம்பி.”

அவருடைய அச்சம் தவறானதன்று. ஆயினும் வேலை கடினமானதும் அன்று. ஒரு ஸ்பானரும், அரை மணி நேரமும், பதற்றமில்லாத மனமும் இருப்பின் பெரும்பாலான கார்களில் இதனை இல்லத்தாரே செய்துகொள்ளலாம். நினைவிற் கொள்ள வேண்டியவை இரண்டே. ஒன்று, நம் கைகள் செல்ல வேண்டிய வரிசை. மற்றொன்று, பழைய பாட்டரி சென்று சேர வேண்டிய இடம். முதலாவதில் தவறினால் துன்பம் நமக்கு. இரண்டாவதில் தவறினால் துன்பம் நாம் முகம் அறியாத பிள்ளைகளுக்கு. இவ்விரண்டிலும் நாமே தவறியிருக்கிறோம். ஆதலால்தான் இம்மாதம் இதனை எழுதுகிறோம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

காரில் உள்ள பாட்டரி இன்று நேற்று தோன்றியதன்று. காரீயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் சேமிக்கவும் திரும்பப் பெறவும் கூடிய கலத்தை 1859-ஆம் ஆண்டில் அமைத்தவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே. அன்றைய கலத்திற்கும் இன்றைய பாட்டரிக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

ஆனால் அந்நாளில் காருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தொடக்ககாலக் கார்களை முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே கிளப்பினர். இஞ்சின் திருப்பி உதைத்தால் சுழற்றுவோரின் மணிக்கட்டு முறிவதும் உண்டு. இத்துன்பம் தீர, சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் அமைத்த மின்சாரத் தொடக்கி 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம் பெற்றது. நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் காரிலும் கைப்பிடி இருந்ததை மூத்த வாசகர்கள் நினைவுகூர்வர். இன்றைய கார்களில் அது இல்லை. பாட்டரி கைவிட்டால் கார் அசைவதில்லை.

பாட்டரிப் பெட்டிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருகிறது. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதால் மொத்தம் 12.6 வோல்ட். இதனையே நாம் சுருக்கமாக 12 வோல்ட் பாட்டரி என்கிறோம். நாட்பட நாட்படத் தகடுகள் அரிக்கப்படுகின்றன. அவற்றின் மேற்பூச்சு உதிர்கின்றது. மின்சாரம் தீர்ந்த நிலையிலேயே நெடுநாள் கிடந்தால் தகடுகளின்மேல் உப்புப் படிவம் இறுகிவிடுகிறது. வெப்பம் இவை யாவற்றையும் விரைவுபடுத்தும். நம் நாட்டு வெயிலில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைத்த பாட்டரியைக் குறை கூறுதல் தகாது.

பழுது பாட்டரியில்தானா?

வண்டி கிளம்பவில்லை என்றவுடன் கடைக்கு ஓடுதல் வேண்டா. முதலில் பானட்டைத் திறந்து பாட்டரியின் இரு முனைகளையும் நோக்குங்கள். வெண்மையாகவோ பச்சை கலந்தோ பூத்திருக்கும் பொடி, மின்சாரம் செல்லும் வழியை அடைத்துவிடும். கவ்வி தளர்ந்திருந்தாலும் அதே நிலைதான். துடைத்து இறுக்கியவுடன் கிளம்பிவிட்ட கார்கள் பல.

அடுத்து, மின் அழுத்தத்தை அளக்கும் மல்ட்டிமீட்டர் என்ற சிறு கருவி இருந்தால் நன்று. கார் சில மணி நேரம் ஓய்ந்து நின்ற பின் முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 எனில் நிறைவு, 12.2 எனில் பாதி. 12-க்குக் கீழே எனில் ஏறக்குறைய வெறுமை. வெறுமையான பாட்டரி எல்லாம் இறந்த பாட்டரி அன்று. இரவு முழுதும் உள்விளக்கு எரிந்திருந்தாலும் இவ்வாறு காட்டும். மின்னேற்றம் செய்தால் மீளும்.

கார் ஓடும்போது அளந்தால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். அவ்வாறன்றி 12 வோல்ட்டிலேயே நின்றால், மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரிலோ அதன் இணைப்பிலோ பழுது இருக்கலாம். அதனைச் சீர்செய்யாமல் புதிய பாட்டரி வாங்கினால் அதுவும் விரைவில் தீர்ந்துபோகும்.

ஆசிரியரின் பாட்டரி, இரவு முழுதும் மின்னேற்றிய பின்னும் 10.4 வோல்ட்டே காட்டியது. ஆறு அறைகளுள் ஒன்று அடங்கிவிட்டது என்பது இதனால் தெளிவாயிற்று. வாங்கி நாலரை ஆண்டுகள் ஆகியிருந்தன. மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வாங்கும்போது

பழைய பாட்டரியின்மேல் எழுதப்பட்டுள்ள குறியெண்ணை அப்படியே குறித்துக்கொண்டு செல்லுங்கள். பெட்டியின் நீள அகலம் மட்டுமன்று, நேர்முனை எந்தப் பக்கம் அமைந்துள்ளது என்பதையும் பார்த்தல் வேண்டும். பக்கம் மாறியிருந்தால் கம்பி எட்டாது. எட்டுமாறு இழுத்துப் பூட்டுவது ஆபத்து. ஆம்பியர்-மணி அளவு, கார் தயாரித்தோர் குறித்த அளவினின்று குறைதல் கூடாது. தயாரித்த மாதத்தையும் பாருங்கள். நெடுநாள் கடையில் உறங்கிய பாட்டரி, விற்கும் முன்னரே முதுமை அடைந்திருக்கும்.

சில கார்களில் இவ்வேலையை வீட்டில் தொடாதிருப்பதே அறிவுடைமை. சாலைக் குறுக்கீடுகளில் தானாக இஞ்சினை நிறுத்திக் கிளப்பும் கார்களுக்குத் தனி வகைப் பாட்டரி தேவை. புதியது பூட்டியதை அவற்றின் கணினிக்கு அறிவிக்க வேண்டியும் வரும். ஹைபிரிட் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் செல்லும் பகுதி உயிருக்கே ஊறு விளைக்கக்கூடியது. அதனை எக்காரணத்தாலும் தீண்டற்க. நாம் இங்குக் கூறுவன யாவும் சாதாரணக் காரின் 12 வோல்ட் பாட்டரியைப் பற்றியனவே.

தொடுவதற்கு முன்

திங்கள் மாலை புதிய பாட்டரி வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் பேத்தியும், “நானும் பார்க்கலாமா, மாமா?” என்று வந்து நின்றாள். பார்ப்பது மட்டுமன்று, செய்யவும் வேண்டும் என்றோம்.

முதலில் அவள் கையிலிருந்த வளையலையும் கடிகாரத்தையும் கழற்றச் சொன்னோம். ஆசிரியரின் மோதிரத்தையும் கழற்றச் சொன்னோம். கழுத்துச் சங்கிலி அணிந்தோர் அதனையும் கழற்றுதல் நன்று. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, அருகில் ஒரு வாளி நிறைய நல்ல நீர். மின்னேறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே அது தீப்பற்றும் தன்மையுடையது. ஆகவே அடைத்த கொட்டகையில் இதைச் செய்யாதீர்கள். பீடி, சிகரெட், கொசுவர்த்திச் சுருள் எதுவும் அருகே இருத்தல் கூடாது. உள்ளே எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று பார்க்கத் தீக்குச்சி கிழித்தோரும் உண்டு. கண்ணை இழந்தோரும் உண்டு.

காரைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடுங்கள். எல்லா விளக்குகளையும் அணையுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடியை இறக்கி வையுங்கள். மின்சாரம் நின்ற பின் கதவு தானாகப் பூட்டிக்கொண்டால் நீங்கள் வெளியே நிற்க நேரிடும். வானொலிக்குக் கமுக்க எண் உண்டு எனில் அதனை முன்னதாகவே தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசை

பாட்டரியில் இரு முனைகள் உள்ளன. கூட்டல் குறியும் பெரும்பாலும் சிவப்பு மூடியும் உடையது பாசிட்டிவ் எனப்படும் நேர்முனை. கழித்தல் குறி உடையது நெகட்டிவ் எனப்படும் எதிர்முனை. எதிர்முனையிலிருந்து செல்லும் கம்பி காரின் இரும்பு உடலோடு பிணைக்கப்பட்டுள்ளது. அதாவது, கார் முழுவதுமே எதிர்முனையின் நீட்சி. இந்த ஓர் உண்மையை உணர்ந்தவர்க்கு வரிசை தானே விளங்கும்.

கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது எதிர்முனையைக் கடைசியில் பூட்ட வேண்டும்.

“எதை முதலில் கழற்றினால் என்ன, மாமா? இரண்டையும் கழற்றத்தானே போகிறோம்?” என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. எதிர்முனையின் திருகை ஸ்பானரால் திருகும்போது ஸ்பானரின் மறுநுனி காரின் உடலில் பட்டால் ஒன்றும் நேராது. இரண்டும் ஒரே முனையைச் சேர்ந்தவை. ஆனால் எதிர்முனை பூட்டியிருக்கையில் நேர்முனையைத் திருகி, ஸ்பானர் உடலில் பட்டுவிட்டால், பாட்டரியின் இரு முனைகளும் நேருக்கு நேர் இணைந்துவிடுகின்றன. எதிர்முனையை முன்னதாகக் கழற்றிவிட்டாலோ, உடலுக்கும் பாட்டரிக்கும் தொடர்பே இல்லை. பின்னர் நேர்முனையைத் திருகும்போது ஸ்பானர் காரின் உடலில் எங்குப் பட்டாலும் அச்சமில்லை.

“பன்னிரண்டு வோல்ட்தானே! கையை வைத்தால்கூட அதிர்ச்சி தெரியாதே!” என்போர் உளர். உண்மை, பன்னிரண்டு வோல்ட் நம் தோலைத் தாண்டி அதிர்ச்சி தருவதில்லை. ஆனால் இரும்பு இடைப்பட்டால் பாட்டரி ஒரே கணத்தில் பல நூறு ஆம்பியர் மின்சாரத்தைக் கொட்டிவிடும். நம் வீட்டுக் கூரை விசிறிக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரும்பு பழுக்கக் காய்கிறது. பொறி பறக்கிறது. அருகில் ஹைட்ரஜன் தங்கியிருந்தால் பாட்டரியே வெடித்து அமிலத்தை வீசுகிறது.

இதனை நாம் நூலில் மட்டும் கற்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு காலை வேளையில் அவசரமாக வெளியூர் புறப்பட வேண்டியிருந்தது. வரிசையெல்லாம் பார்க்கப் பொறுமையின்றி நேர்முனையை முதலில் திருகினோம். வீட்டுக்குள்ளிருந்து நம் துணைவியார் அழைக்க, திரும்பினோம். ஸ்பானரைப் பற்றியிருந்த விரலின் திருமண மோதிரம் பக்கத்து இரும்புச் சட்டத்தில் பட்டது. ஒரு பொறி, ஒரு நொடி, அவ்வளவே. மோதிரம் விரலைச் சுற்றி நெருப்பு வளையமாயிற்று. மருத்துவமனையில் அதனை வெட்டித்தான் எடுத்தனர். அவ்விரலில் இன்றும் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. அதனைக் காட்டியபோது, பேத்தி தன் கையில் வேறு நகை ஏதும் உண்டா என்று மறுபடி பார்த்துக்கொண்டாள்.

மிகப் பழைய ஆங்கிலேயக் கார்கள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். அத்தகைய வண்டியைப் போற்றி வைத்திருப்போர், உடலோடு பிணைந்த முனை எதுவோ அதனையே முதலில் கழற்றுக. விதியின் உட்பொருள் அதுவே.

கழற்றுதலும் பூட்டுதலும்

எதிர்முனைக் கவ்வியின் திருகைத் தளர்த்தி, கவ்வியை இலேசாக இருபுறமும் அசைத்து மேலே எடுங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள், முனை உடையும். எடுத்த கம்பி மீண்டும் முனையில் வந்து விழாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். பின்னர் நேர்முனையைக் கழற்றுங்கள். அதன் பின் பெட்டியைப் பிடித்திருக்கும் தாங்கியின் திருகை எடுங்கள்.

சிறிய காரின் பாட்டரியே பத்துக் கிலோ அளவில் எடை இருக்கும். பெரிய வண்டிகளில் இருபது கிலோவை எட்டும். இடுப்பை வளைத்துத் தூக்காதீர்கள். காரை ஒட்டி நின்று, உடலோடு அணைத்து, சாய்க்காமல் நேராகத் தூக்குங்கள். சாய்த்தால் அமிலம் கசியும். முதுகு வலி உடையோரும் முதியோரும் இந்த ஒரு செயலை இளையோரிடம் விட்டுவிடுதல் நன்று.

நாம் பழைய பெட்டியைத் தரையில் வைக்கப் போகையில் ஆசிரியர் பதறினார்: “சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள், தம்பி! மின்சாரம் இறங்கிவிடும்.” மரப்பெட்டியிலும் கெட்டி ரப்பர்ப் பெட்டியிலும் பாட்டரி வந்த காலத்துப் பேச்சு அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டியினின்று மின்சாரம் தரையில் இறங்குவதில்லை. ஆயினும் பெரியவர் சொல்லைத் தட்டாமல் ஒரு பலகையின்மேல் வைத்தோம். கசிந்த அமிலம் தரையை அரிக்காதிருக்கும் அல்லவா?

காலியான தட்டில் வெண்பொடி படிந்திருந்தால், ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துத் தெளியுங்கள். நுரைத்துப் பொங்கும், அமிலம் முறிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். நுரை அடங்கியபின் நீரால் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். கவ்விகளின் உட்புறத்தையும் கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்த்துவிடுங்கள்.

இனிப் புதியது. தட்டில் வைத்தவுடன் கூட்டல், கழித்தல் குறிகளை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். முனைகளை மாற்றிப் பூட்டினால் ஆல்டர்னேட்டரும் காரின் மின்னணுச் சாதனங்களும் நொடியில் கெடும். செலவு புதிய பாட்டரியின் விலையினும் பன்மடங்காகும். தாங்கியை இறுக்குங்கள். பின்னர் நேர்முனை. எல்லாவற்றுக்கும் கடைசியில் எதிர்முனை. அப்போது மிகச் சிறு பொறி தோன்றினால் அஞ்ச வேண்டா. கவ்வியைக் கையால் திருகினால் அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். இறுதியாக இரு முனைகளின்மேலும் வாசலின் சிறிது பூசுங்கள். வெண்பொடி பூப்பது குறையும்.

கடைசித் திருகைப் பேத்தியே இறுக்கினாள். ஆசிரியர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் முதல் முயற்சியிலேயே பேசியது. கடிகாரம் நேரம் தவறியிருக்கும். கண்ணாடிகளைத் தானாக ஏற்றும் வசதி சிறிது முரண்டும். இஞ்சினின் ஓட்டமும் சில நிமிடம் சீரற்றிருக்கலாம். இவை பழுதல்ல, காரின் கணினி தன் நினைவைத் திரும்பச் சேர்க்கிறது.

அமிலம் பட்டுவிட்டால்

தோலில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது பதினைந்து நிமிடம் விடாமல் நல்ல நீர் ஊற்றுங்கள். பின்னர் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணில் சோடா நீரோ, தாய்ப்பாலோ, எண்ணெயோ விடுதல் கூடாது. நீர் ஒன்றே மருந்து, விரைவே உயிர். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் உணவைத் தொடாதீர்கள். உடுத்திய ஆடையைத் தனியாகத் துவையுங்கள்.

பழையது எங்கே செல்கிறது?

வேலை முடிந்தது என்று ஆசிரியர் எண்ணினார். இல்லை, பாதிதான் முடிந்தது என்றோம். பலகையின்மேல் பழைய பாட்டரி காத்திருந்தது.

அதன் எடையில் பாதிக்கு மேல் காரீயம். ரசம் வைக்கும் ஈயச் செம்பின் வெள்ளீயம் வேறு, இது வேறு. காரீயம் நஞ்சு. உடலுள் புகுந்தால் எலும்பில் தங்கும், மூளையைத் தாக்கும். உணவோடும் தூசியோடும் விழுங்கும் காரீயத்தைப் பெரியோரினும் நான்கைந்து மடங்கு மிகுதியாகக் குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. நஞ்சேறிய பிள்ளையிடம் காய்ச்சலோ புண்ணோ தோன்றுவதில்லை. படிப்பில் பின்தங்கும், கவனம் சிதறும், எரிச்சல் கொள்ளும். பெற்றோரும் ஆசிரியரும் ‘மந்தம்’ என்றும் ‘குறும்பு’ என்றும் கூறி அடிப்பர்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டாக்காரின் புறத்தே தியாரோய் என்ற கடற்கரைக் குடியிருப்பு உள்ளது. அங்குப் பழைய பாட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுத்து வந்தனர். மண்ணிலும் காரீயம் கலந்திருப்பதை அறிந்த ஏழை மக்கள், அம்மண்ணை வாரிச் சலித்து விற்றனர்; சிலர் வீட்டிற்கே கொண்டு வந்து சலித்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான சில மாதங்களில் அங்குப் பதினெட்டுக் குழந்தைகள் இறந்தனர். முதலில் காரணம் புரியவில்லை. இறந்தவர்களின் உடன்பிறந்தோரையும் தாய்மாரையும் சோதித்தபோது, அவர்கள் இரத்தத்திலும் காரீயம் மிகுந்திருந்தது.

அது எங்கோ தொலைவில் நிகழ்ந்தது என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. விரல் வெந்த அந்த நாளின் கதையை இன்னும் முடிக்கவில்லை. அன்று கழற்றிய பழைய பாட்டரியைக் கடையில் கொடுத்திருக்கலாம். தெருவில் வந்த பழைய இரும்பு வியாபாரி சில ரூபாய் கூடுதலாகத் தருவதாகக் கூற, அவரிடமே விற்றோம். சில வாரங்கள் சென்று, ஓர் இரும்புச் சட்டம் தேடி அவருடைய கிடங்கின் பின்புறம் செல்ல நேர்ந்தது. ஒருவர் கோடரியால் பாட்டரிப் பெட்டிகளைப் பிளந்துகொண்டிருந்தார். அமிலம் சாக்கடையில் ஓடியது. விறகு அடுப்பின்மேல் இரும்புச் சட்டியில் காரீயம் உருகிப் புகைந்தது. சாம்பல் நிறத் தகட்டுக் குவியலின்மேல் நான்கு வயது மதிக்கத்தக்க பிள்ளை ஒன்று அமர்ந்து, ஒரு கையால் தகடுகளை அடுக்கி விளையாடியது. மறுகையில் பிஸ்கட் இருந்தது.

பாட்டரி வாங்கிய தேதியை வெள்ளை வண்ணத்தால் அதன்மேல் எழுதி வைப்பது நம் வழக்கம். பிளந்து கிடந்த பெட்டி ஒன்றின்மேல் நம் கையெழுத்தில் அத்தேதி இருந்தது.

நாம் அவரிடம் ஒன்றும் கூறவில்லை. சட்டத்தை வாங்காமலே திரும்பி வந்துவிட்டோம். அந்தப் பிள்ளை இன்று முப்பது வயதைத் தாண்டியிருக்கும். எங்கிருக்கிறதோ, எப்படியிருக்கிறதோ, அறியோம். விரலின் தழும்பு எப்போதோ ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

அந்த வியாபாரியைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்தவர் அவர். அது அவருடைய சொந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம். தேவையின்றிச் சில ரூபாய்க்கு ஆசைப்பட்டவர் நாமே.

இன்று அறியாமையைக் காரணம் கூறவும் இயலாது. பழைய பாட்டரிகளை விற்பனையாளர் திரும்பப் பெற வேண்டும் என்று நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டிலேயே விதி வந்தது. 2022 ஆகஸ்டில் அதன் இடத்தில் வந்த புதிய விதிகள், தயாரிப்போருக்கு அப்பொறுப்பை விரிவாக்கியதோடு, பயன்படுத்துவோரும் பழைய பாட்டரியைப் பிற குப்பையோடு சேர்க்காமல் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கூறுகின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வர். கொடுத்ததற்கு இரசீதில் குறிப்புக் கேட்டுப் பெறுங்கள். காரீயம் மீண்டும் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தத்தக்கது. புகையும் கழிவும் அடக்கப்பட்ட ஆலையில் அது உருகினால் மற்றொரு பாட்டரியாகும்; கொல்லைப்புறச் சட்டியில் உருகினால் ஒரு பிள்ளையின் இரத்தத்தில் சேரும்.

காருக்கு மட்டுமன்று, மின்தடைக்காக வீட்டில் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பாட்டரிக்கும், ஸ்கூட்டர் பாட்டரிக்கும் இதே முறைதான்.

நாம் கூறியதை ஆசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, “காலையில் ஒரு வண்டிக்காரர் வந்தார், தம்பி. கடையைவிடக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். நாளை வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்” என்றார். பின் எழுந்து, பழைய பாட்டரியைக் காரின் பின்பெட்டியில் நேராக நிற்குமாறு வைக்கச் சொன்னார். பேத்தி அதன் இருபுறமும் செங்கல் வைத்துச் சாயாமல் செய்தாள். மறுநாள் வண்டிக்காரர் வந்தபோது அது கடைக்குச் சென்றுவிட்டிருந்தது.

புதிய பாட்டரியின்மேல் அன்றைய தேதியைப் பேத்தி அழியாத மையால் எழுதியிருக்கிறாள். அதன் கீழே, ‘கழற்றும்போது கழித்தல் முதலில்’ என்றும் எழுதியிருக்கிறாள். நான்கைந்து ஆண்டுகள் கழித்து அதனைப் படித்து மாற்றப்போகிறவள் அவளாகவே இருக்கலாம்.

உங்கள் இல்லத்திலும் இவ்வேலை வரும்போது, பிள்ளைகளை அருகில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள்.